நான் எழுதிய அரைப்பேர்

1

சாலையில் மூன்றாவது சுற்றுவட்டச் சந்தியைத் தாண்டியபோதுதான் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்குவதைக் கவனித்தேன். அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ‘ஷிப்ட் லீடர்’ என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சடித்த அட்டை. திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

கம்பெனி அலுவலகத்திலிருந்து நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப் ஆறு கிலோமீட்டர். எங்கள் பஸ் விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும்தான் ஓடும். காலை பத்தரை மணிக்கு வேலையில்லாமல் ஒருவன் திரும்பிப் போவான் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். வளைகுடாவில் மாசி மாதத்து வெயில் தாங்கக்கூடியதுதான். இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட கிடங்குகள், ஒன்றைப் போலவே இன்னொன்று. நடைபாதை கிடையாது. இரண்டு லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து, ஏறிக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினார்கள். நான் ஏறவில்லை. எனக்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஹட்டனில் ஒரு தையல் கடை, கொழும்பில் ஒரு இரும்புக்கடை, பிறகு இந்தப் பக்கத்து நாடுகளில் ஒரு பேக்கரி, ஒரு கார் கழுவும் இடம். மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்தால் எனக்குக் கால் நிற்காது. இங்கே மட்டும் ஏழு வருடம் இருந்துவிட்டேன். முன்பெல்லாம் சலித்துப்போய் நடந்தேன், அல்லது யாரையாவது திட்டிவிட்டு நடந்தேன். இன்று இரண்டும் இல்லை. நான் எழுதிய ஒரு சொல்லால் ஏழு பேர் வேலை இழக்க இருந்தார்கள். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையிலோ நோர்வூட்டிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

2

தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூட வேண்டும். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். இன்னார் கொழுந்துக்கு, இன்னார் வடிகாலுக்குக் கான் வெட்ட, இன்னார் மருந்தடிக்க. மாலையில் குறித்த கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் அந்த நாளுக்கு ஒரு ‘பேர்’ விழும். பேர் என்றால் ஒரு முழுநாள் வேலை செய்ததாகப் பதிவது. கிலோ குறைந்தால் அரைப்பேர்.

அரைப்பேருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது அன்றோடு முடிந்துவிடும். மறுநாள் பெரட்டில் போய் நிற்கும்போது நேற்றைய அரைப்பேரைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ, பெண்களே “அரைப்பேரு போதுங்க” என்று சொல்லிவிட்டு மத்தியானத்தோடு மலையிலிருந்து இறங்கிவிடுவார்கள். அதில் நட்டம் இருந்தது, அவமானம் இருக்கவில்லை.

நான் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில், பொகவந்தலாவைக்கு மேலே, லயம் என்ற வரிசை வீட்டில் பிறந்தவன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்த பையனுக்குக் கணக்கு ஏறவில்லை. ஆனால் இந்த ஊர்ப் படிவங்களில் படிப்பு என்ற இடத்தில் ‘சாதாரண தரம் சித்தி’, அதாவது பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சை பாஸ், என்றே எழுதி வந்தேன். முதல் ஏஜென்சிக்காரர் அப்படி எழுதினார். பிறகு நானே எழுதப் பழகிவிட்டேன். மகளிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். அவள் படிக்காமல் இருந்த நாட்களில் அதைச் சொல்லித்தான் ஏசுவேன்.

3

எங்கள் கிடங்கு, போனில் ஓடர் கொடுக்கும் சாமான்களை அனுப்பும் கிடங்கு. சட்டை, குழந்தைப் பால்மா, செருப்பு, குக்கர் என்று எல்லாம் இருக்கும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பெண் படுக்கையில் இருந்தபடி விரலால் தட்டுகிறாள், இங்கே ஒருவன் முப்பது அடி உயரத் தட்டுகளுக்கு நடுவே ஓடுகிறான். நான் அப்படி ஓடுபவர்களில் இருபத்தாறு பேருக்கு லீடர். பாதிப் பேர் நம் மலையகத்து ஆட்கள், பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தமிழ், சிங்களம், இந்தி, கொஞ்சம் அரபி, உடைந்த ஆங்கிலம் என்று எனக்கு ஐந்து மொழி வரும். ஒன்றையும் ஒழுங்காகப் படித்ததில்லை. அதுதான் என் தகுதி.

போன வருடம் கப்பல்கள் வழக்கமான வழியை விட்டுச் சுற்றி வரத் தொடங்கின. சரக்கு ஒரு வாரம் வரும், மறுவாரம் வராது. அந்த நேரத்தில்தான் ரீமா மேடம் பொறுப்புக்கு வந்தார். எங்கள் பகுதி நாடுகளின் கிடங்குகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். லெபனான்காரர், ஐம்பது வயது இருக்கும். மற்றப் பெரியவர்கள் மாதிரி மேலே கண்ணாடி அறையில் நின்று பார்த்துவிட்டுப் போகாமல், கீழே இறங்கி எங்களோடு ஒரு நாள் பெட்டி எடுத்தார். பிறகு எல்லாரையும் கூட்டிப் பேசினார்.

“இனிமேல் யாருக்கு என்ன வேலை என்பதை ஒரு செயலி சொல்லும். அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஆனால் முடிவை எந்திரம் எடுக்காது, மனிதர்தான் எடுப்பார்” என்றார்.

நான் அதை நம்பினேன். இன்றும் அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அந்த மனிதர் யார் என்று அன்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

செயலி பத்து மொழியில் வந்தது. தமிழுக்கு ஏதோ எந்திரம் மொழிபெயர்த்திருந்தது. முதல் நாளே தூத்துக்குடிப் பக்கத்து செந்தில்குமார் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“அண்ணே, ‘பொருளைப் பறிக்கவும்’னு போட்டிருக்கு. யார்கிட்டண்ணே பறிக்க? இவனுங்க நம்மள போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் பாக்குறானுங்க!”

நம் அக்கரப்பத்தனை யோகராஜா அப்பால் நின்று சிரித்தான். “கொழுந்து பறிச்சு அலுத்துப் போயிதான்யா இங்க வந்தோம். இங்கயும் பறிக்கச் சொல்லுதா?”

‘ஷிப்ட்’ என்பதற்கு ‘இடமாற்றம்’ என்று இருந்தது. காலையில் போனைத் திறந்தவர்கள் எல்லாம் தங்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று பயந்தார்கள். நான் இதையெல்லாம் ரீமா மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டார். “நீங்களே திருத்த முடியுமா? உங்கள் ஆட்களுக்குப் புரியும் தமிழில்?” என்று கேட்டார்.

என் தமிழைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மூன்று நாள் அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். குளிரூட்டிய அறை, தேநீர் கொண்டுவந்து தர ஒரு ஆள். ‘பறிக்கவும்’ என்பதை ‘எடுங்க’ என்று மாற்றினேன். ‘ஷிப்டை’ ஷிப்ட்டாகவே விட்டேன். முழு ஷிப்ட் பதிவானால் வரும் வரியை ‘பேர் விழுந்தது’ என்று எழுதினேன். பாதி ஷிப்ட் என்ற இடத்தில் ‘அரைப்பேர்’ என்று எழுதினேன். அதை எழுதியபோது எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. எங்கள் மலைச்சொல் ஒன்று உலகம் முழுக்க ஓடும் ஒரு செயலிக்குள் ஏறிவிட்டது.

அரைப்பேர் வரும் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டாவதில் நான் ‘கேள்வி உண்டு’ என்று எழுதினேன். முதலாவதில் ஆங்கிலத்தில் ஒரு நீளமான வரி இருந்தது. எனக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. ஏற்றுக்கொள்வது என்பது மட்டும் புரிந்தது. பொத்தானும் சின்னது. ‘சரி’ என்று எழுதினேன்.

கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மொழிபெயர்ப்பு சரியானது, அதைச் சரிபார்க்கும் கல்வித்தகுதி எனக்கு உண்டு என்று. வழக்கம் போலப் போட்டேன்.

4

ஆரம்பத்தில் நன்றாகவே இருந்தது. லீடருக்குச் சிகரெட் வாங்கிக் கொடுப்பவனுக்கு லேசான வேலை என்ற வழக்கம் ஒழிந்தது. என்னைக் காக்காய் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது. அது எனக்கும் நிம்மதி.

இதை என் மனைவி புஷ்பத்திடம் போனில் சொன்னேன். அவள் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாள். இப்போது நிர்வாகம் தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. பராமரிப்பதும் பறிப்பதும் அவள் பாடு, கொழுந்து மட்டும் தோட்டத்துக்கு. நிறுப்பது எலக்ட்ரானிக் தராசு.

“மெஷின்னா பயப்படுறீங்களாக்கும்?” என்றாள். “முந்தி கணக்கப்பிள்ளை கொழுந்துல உள்ள தண்ணிக்கு ஒரு கிலோ வெட்டுவாரு, கூடைக்கு ஒரு கிலோ வெட்டுவாரு. மொறைச்சா இன்னொன்னு வெட்டுவாரு. இந்தத் தராசு மொறைச்சாலும் ஒண்ணுதான், சிரிச்சாலும் ஒண்ணுதான். சீட்டு வந்துருது.”

“அப்ப நல்லதுதானே.”

“நல்லதுதான். ஆனா செடிக்கு நோய் வருத்தம் வந்தா, அதுவும் இப்ப என் வருத்தம். தராசு அத நிறுக்காது.”

அவள் எப்போதும் இப்படித்தான். என்னைவிட ஒரு வகுப்புக் குறைவாகப் படித்தவள்.

மகள் சுபாஷினி ஹட்டனில் தங்கி கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறாள். அவளோடு பேசுவதுதான் கடினமாகிக்கொண்டு வந்தது. நான் இரண்டு நிமிடம் குரல் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வரும். ஒருமுறை கேட்டபோது, “ஸ்பீட் கூட்டித்தான்ப்பா கேப்பேன், நேரமில்ல” என்றாள். என் இரண்டு நிமிடம் அவளுக்கு ஒரு நிமிடம். மூன்று வருடமாக நேரில் பார்க்கவில்லை. லீடர் தரத்தில் இருப்பவர்கள் குடும்பத்தைப் பார்வையாளர் விசாவில் அழைக்கலாம். ஏப்ரல் மாதம் இருவரும் வருவதாக இருந்தது. புஷ்பம் பெட்டி வாங்கிவிட்டாள்.

5

போன வாரம் என் போனில் ஒரு பட்டியல் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டாம் என்று செயலி சிபாரிசு செய்யும் பெயர்கள். கீழே ‘உறுதிசெய்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்த வேண்டியவன் லீடர். ரீமா மேடம் சொன்ன மனிதர் நான்தான் என்று அப்போது புரிந்தது.

ஏழு பெயர்கள். நோர்வூட் இரண்டு, பொகவந்தலாவை மூன்று, அக்கரப்பத்தனை இரண்டு. ஒரு தமிழ்நாட்டுக்காரன்கூட இல்லை. முதலில் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு இது பழகிய எண்ணம், சீக்கிரம் வந்துவிடும். ஆனால் பட்டியலைத் தயாரித்தது எந்திரம். அதற்கு நாங்கள் மலையென்றும் அவர்கள் கடலோரமென்றும் தெரிய வழியில்லை.

பட்டியலில் முதல் பெயர் யோகராஜா. ஊரில் தோட்டத்துப் பதிவிலிருந்து தன் பெயரை வெட்டிக்கொண்டு வந்தவன். திரும்பிப் போனால் நிற்க ஒரு வேலை இல்லை. மூத்த மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். பெட்டி எடுப்பதில் யோகராஜா ஒன்றும் மந்தமானவன் அல்ல. ஐந்து தடவை அரைப்பேர் வந்திருந்தது. அவனிடம் கேட்டேன்.

“அஞ்சு நாளும் எனக்குக் குடுத்த வரிசையில சாமானே இல்லய்யா. கப்பல் வரல. வெறுந்தட்டையா எடுக்கச் சொல்ற?”

“அப்புறம் ஏன் ‘சரி’ அமுக்குன?”

“அரைப்பேருன்னு இருந்துச்சு. அமுக்குனேன்.” அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “நம்ம ஆளு எழுதுனதாச்சே, இதுல என்ன சூது இருக்கப் போவுதுன்னு அமுக்குனேன். ஏன்யா, அரைப்பேருன்னா அரைப்பேருதானே?”

செந்திலிடம் போனேன். அவன் வரிசையிலும் அதே நாட்களில் சாமான் இருக்கவில்லை. அவனுக்கும் அதே பக்கம் வந்திருந்தது.

“என்னண்ணே அது அரைப்பேரு? என் பேரு செந்தில்குமாரு. அரைன்னா வெறும் செந்திலா? ஒண்ணும் வெளங்கல. பக்கத்துல ‘கேள்வி உண்டு’ன்னு இருந்துச்சு. எனக்குக் கேள்வி இருந்துச்சு, அமுக்கிட்டேன்.”

“அமுக்குனதும்?”

“ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, தட்டப் பாத்தாரு, முழு ஷிப்ட்டு போட்டுட்டுப் போயிட்டாரு.”

அன்று சாயங்காலம் சுபாஷினிக்குச் செய்தி அனுப்பினேன். ஆங்கிலப் பொத்தானைப் படம் எடுத்தும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவளே போன் போட்டாள். ஒரு வருடத்தில் அவளாகப் போட்டது அதுதான்.

“அப்பா, அந்தப் பட்டன அமுக்கினா பின்னால என்ன நடக்குதுன்னு கேட்டீங்களா?”

“சரின்னு போகும்.”

“இல்லப்பா. இங்கிலீஷ்ல ‘குறித்த அளவு வேலையை என் குறையால் முடிக்கவில்லை என ஏற்கிறேன்’னு இருக்கு. அத நீங்க ‘சரி’ன்னு போட்டிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் அவங்க குத்தத்த ஒத்துக்கிட்டதா சேவ் ஆகும். அரைப்பேரு அன்னைக்கே முடியும், இது முடியாது.”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“கோவமாப்பா?”

“இல்லம்மா. நீ சொல்லு, இத அழிக்க முடியுமா?”

“சொல்லு தப்புன்னு எழுதுன ஆளே சொன்னா முடியும்.”

6

ரீமா மேடம் என்னை உட்காரச் சொன்னார். பக்கத்தில், வேலையாட்களின் விவரங்களைக் கவனிக்கும் ஆளணிப் பிரிவுக்காரர் ஒருவர் மடிக்கணினியோடு இருந்தார். நான் சொன்னதை மேடம் கடைசிவரை கேட்டார். கப்பல் வராத நாட்களின் விவரத்தைத் திரையில் எடுத்துப் பார்த்தார். ஏழு பேரின் வரிசைகளும் அந்த நாட்களில் காலியாகத்தான் இருந்தன.

“நீங்கள் சொல்வது உண்மை. இன்றே அந்தச் சொல்லை மாற்றிவிடலாம். நாளையிலிருந்து இப்படி நடக்காது” என்றார்.

“அந்த ஏழு பேர், மேடம்?”

“அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிவு இருக்கிறது. அதை என்னாலும் தனியாக அழிக்க முடியாது. கணக்காய்வு கேட்கும். வாசகம் பிழையானது என்று நிரூபித்தால் மட்டுமே பதிவு செல்லாது. ஆனால் வாசகம் சரியானது என்று உங்கள் கையெழுத்து இருக்கிறது.”

“கையெழுத்துதான் பிழை. நான் சாதாரண தரம் எழுதவேயில்லை. எட்டாம் ஆண்டில் நின்றவன். அந்த ஆங்கில வரி எனக்கு விளங்கவுமில்லை.”

ஆளணிப் பிரிவுக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை எழுத்தில் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? நான் உங்களைப் பயமுறுத்தவில்லை. நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பொய்த் தகுதி காட்டியவரை லீடராக வைத்திருக்க எனக்கு அதிகாரமில்லை. நீங்கள் எழுதாவிட்டால் நான் கேட்டதாகவும் காட்டிக்கொள்ளமாட்டேன்.”

அவர் நல்ல மனிதர் என்பதை அந்த நேரத்தில்தான் உறுதியாகத் தெரிந்துகொண்டேன். தோட்டத்தில் துரைமார் காலத்தில் துரை ஒருவரே முடிவெடுப்பார், ஏசினாலும் அவரை ஏசலாம். இங்கே முடிவு நூறு துண்டாக உடைந்து கிடக்கிறது. ஒரு துண்டு எந்திரத்திடம், ஒரு துண்டு கணக்காய்வில், ஒரு துண்டு இந்த மேடத்திடம். என் துண்டு ஒரு கையெழுத்து. மற்றவர்களுடையதை நான் தொட முடியாது.

பேப்பர் கேட்டேன். தமிழிலேயே எழுதச் சொன்னார், மொழிபெயர்க்க வேறு ஆள் பிடித்துக்கொள்வதாக. எழுதும்போது ஏப்ரல் மாதமும் புஷ்பம் வாங்கிய பெட்டியும் நினைவுக்கு வராமல் இல்லை. எழுதி முடித்துக் கொடுத்தேன்.

ஆளணிப் பிரிவுக்காரர் படிவங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “லீடர் வேலை இன்றோடு முடிந்தது. விசா இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கோல்ட் ஸ்டோரில் ஆள் இல்லை, யாரும் நிற்பதில்லை. விருப்பமென்றால் நாளை காலை ஐந்தரைக்கு அங்கே போகலாம். இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட் போடுகிறேன்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். அங்கிருந்துதான் நடந்துகொண்டிருந்தேன்.

7

கேம்புக்கு வந்து படுத்துவிட்டேன். மாலை பஸ் வந்ததும் கதவைத் திறந்துகொண்டு யோகராஜா வந்தான். பின்னால் மற்ற ஆறு பேரும், அவர்களுக்குப் பின்னால் செந்திலும். அலுவலகத்திலிருந்து விஷயம் எனக்கு முன்னாலேயே அவர்களுக்கு வந்துவிட்டது. ஏழு பேரின் போனிலும் அரைப்பேர்கள் அழிந்து, முழு ஷிப்ட்டாக மாறியிருந்தது. என் போனில் அந்தப் பட்டியலையும் காணவில்லை.

யோகராஜா கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு, “எட்டாம் ஆண்டாய்யா நீ?” என்றான்.

“ஆமா.”

“நான் ஒம்பது. இத்தன நாளு ஒன்னய படிச்ச லீடருன்னு மதிச்சுட்டேனே! இனிமே நீதான் என்னைய ‘வாங்க, போங்க’ன்னு சொல்லணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். செந்தில், “நான் டிப்ளமோண்ணே, என்னைய எப்படிக் கூப்புடுவீங்க?” என்றான். “ஒன்ன அரைப்பேரு சொல்லித்தான் கூப்புடுவோம், வாடா செந்திலு” என்றான் யோகராஜா. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

“ஊருக்குப் போயிறாத முத்து. நீ போயிட்டா நாங்க ஒன்னய அனுப்புன மாதிரி ஆயிரும்.”

அவர்கள் சமைக்கப் போன பிறகு வீட்டுக்குப் போன் போட்டேன். சுபாஷினியும் வார விடுமுறைக்கு வந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஏப்ரலுக்கு அழைக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

“டிக்கெட் எடுக்கலதானே, விடுங்க” என்றாள் புஷ்பம். “பெட்டி கெடந்தா கெட்டா போவும்?” அவள் குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. ஏதோ பாத்திரத்தை எடுக்கப் போனது போல.

நான் சுபாஷினியைக் கூப்பிட்டேன்.

“நான் ஓ.எல். பாஸ்னு ஒங்கிட்ட சொன்னது பொய்ம்மா” என்றேன்.

“தெரியும்ப்பா. நீங்க எப்பவும் ‘ண’வும் ‘ன’வும் மாத்தித்தானே எழுதுவீங்க. நான் ஏழாம் ஆண்டுல இருக்கையிலயே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஏசுறத நிறுத்திருவீங்கன்னுதான்” என்றாள். அது சிரிப்பா வேறெதுவுமா என்று இங்கிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. “எனக்கு இன்னும் ஒரு வருஷம் கோர்ஸ் இருக்குப்பா. நீங்க வர்றதுன்னா வாங்க. எனக்காக அங்க இருக்காதீங்க. ஆனா வந்தீங்கன்னா, மூணு மாசத்துல மறுபடி எங்கயாவது கெளம்பிருவீங்க. அத அம்மா தாங்கமாட்டாங்க.”

என் மகள் வயதில் நான் வீட்டை விட்டுப் போனவன். அவளைப் போல என்னை இவ்வளவு சரியாக அளந்தவர்கள் யாரும் இல்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கோல்ட் ஸ்டோருக்குப் போனேன். கழிவிரக்கம் ஒன்றுமில்லை, தூங்கி எழுந்து போனேன், அவ்வளவுதான். அங்கே பொறுப்பில் இருந்தவர் குருநாகல் பக்கத்துச் சுனில். பஞ்சு வைத்த நீல நிறக் கோட்டும், முழங்கால் வரை பூட்ஸும், இரண்டு சோடிக் கையுறையும் தந்தார். உள்ளே மைனஸ் இருபது. இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே. போனை வாசலில் வைத்துவிட வேண்டும், அந்தக் குளிரில் எந்த போனும் உயிரோடிருக்காது. ஒரு நாட்டில் விளைந்து, இன்னொரு நாட்டில் நறுக்கி உறைய வைத்த உருளைக்கிழங்குப் பெட்டிகளைத் தட்டிலிருந்து இறக்கி வண்டியில் அடுக்குவதுதான் வேலை.

இருபது நிமிடம் முடிந்து வெளியே வந்தபோது சுனில் என் கையுறைகளைக் கழற்றினார். “சீத்தலத, மல்லி?” என்று, குளிர்கிறதா தம்பி என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பத்தும் மடங்கின. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி உள்ளே போனேன்.